பழவேற்காட்டு மணலில் சைக்கிள் விடப் பழகுகிறவர்களுக்கு

போன மாசி மாதம் லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன்கள் மூன்று பேர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து செல்போனில் ஒரு படம் காட்டினார்கள். ரீயூனியன் தீவு. இந்தியப் பெருங்கடலில், எரிமலைக் குழம்பு உறைந்து உறைந்தே எழும்பிய தீவு அது. மைடோ என்ற இடத்தில், 2,200 மீட்டர் உயரத்து மலை விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான பேர் சைக்கிளில் கிளம்பி ஒரே இறக்கமாகக் கடற்கரைக்கு வந்து சேர்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகள் அந்தத் தீவில் இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அதைச் சொன்னதும் பையன்களுக்குக் கண் விரிந்தது. "நமக்கு மலையே இல்லியே சார்" என்றான் ஒருவன்.

இல்லைதான். நம் நாட்டில் இன்றும் புகைகிற எரிமலை ஒன்றே ஒன்று, அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு. ஆள் குடியிருப்பு இல்லாத இடம். 1991-இல் மறுபடி கக்க ஆரம்பித்தது. அங்கே சைக்கிளுக்கு வேலை கிடையாது. ஆனால் எரிமலைச் சரிவில் வண்டி விடுகிறவனுக்கு வரும் முதல் தொல்லை, உயரத்தை விடத் தரைதான். சாம்பலும் பொடிக்கல்லும் சக்கரத்துக்கு அடியில் உருண்டு விலகிக்கொண்டே இருக்கும். நிற்காத தரை வேண்டுமென்றால் நம்மிடம் இருக்கிறது: ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் முகத்துவாரத்திலிருந்து தெற்கே காட்டுப்பள்ளி வரைக்கும் மணல்.

34 வருடம் ஏரியோரப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தேன். பாலம் வருவதற்கு முன்னால் சைக்கிளைப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்கி, மணலில் பாதி ஓட்டி, பாதி தள்ளிப் பள்ளிக்கூடம் போனவன். குப்பத்துப் பிள்ளைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கியர் வண்டியோடு வரும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள் சைக்கிளை எடுக்காதீர்கள். செருப்பையும் கழற்றிவிட்டு நடங்கள். அலை முடிகிற இடத்தில் தொடங்கி ஏரிக்கரை வரை குறுக்கே ஒருமுறை போய் வாருங்கள். அலை நனைத்துத் திரும்பிய மணலில் குதிகால் பதிந்தாலும் உடனே நிற்கும். பாதத்தைச் சுற்றி ஒரு வெளுப்பு வட்டம் தோன்றி மறையும். அதற்கு மேலே அலை எப்போதாவது தொடுகிற பட்டை. தட்டினால் சத்தம் வருகிற அளவுக்குக் கெட்டி. அதற்கும் மேலே உலர்மணல்; கணுக்கால் வரை உள்ளே போகும். பிறகு அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். அதன் வேர் பிடித்த இடத்தில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். ராவணன் மீசை வந்தால் சுற்றிப் போங்கள். அந்தப் புல்லின் நுனி ஊசி. சவுக்குத் தோப்புக்குள் சருகு மெத்தை. நடக்கச் சுகம், சக்கரம் திருப்பினால் வழுக்கும். தோப்பைத் தாண்டினால் சீமைக்கருவேல், உமரிச்செடி, அப்புறம் ஏரிக் களி.

இத்தனை தரையும் அரை மணி நடைக்குள் வந்துபோகும். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று காலுக்குத் தெரிந்தால்தான் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியும். ஈர மணலின் கறுப்பும் உலர்மணலின் வெளுப்பும் வேறு வேறு நிறம் என்று நினைக்கிறோம். காலை ஏழு மணிக்கு, எதிர்வெயிலில், இரண்டும் ஒரே வெள்ளிப் பளபளப்பாகத்தான் தெரியும். அப்போது நடந்த கால்தான் வழி சொல்லும்.

2. புது வண்டி வாங்காதீர்கள். அரசு பள்ளியில் கொடுக்கும் விலையில்லா சைக்கிளே ஆரம்பத்துக்குப் போதும். பலகை அளவு டயர் போட்ட தடித்த சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கு அங்குல டயர். அலாஸ்காவின் பனிக்கும் நியூ மெக்சிகோவின் மணலுக்குமாக வந்தது அது. உலர்மணலில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் அதில் பழகினவனுக்கு மணலைப் படிக்க வராது. வண்டியே எல்லாத் தவற்றையும் மன்னித்துவிடும். மெல்லிய டயரில் ஒரு வருடம் ஓட்டிவிட்டுத் தடித்த டயருக்குப் போனால் அதன் அருமை தெரியும்.

சீட்டை மட்டும் இரண்டு விரல் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு காலும் தரையைத் தொட வேண்டும்.

3. காற்றைக் குறையுங்கள். பையன்கள் என்னிடம் நம்ப மறுக்கிற விஷயம் இது. டயர் கல் மாதிரி இருந்தால்தான் வேகம் என்பது தார்ச்சாலையின் கணக்கு. மணலில் கெட்டியான டயர் கத்தி. வெட்டி உள்ளே இறங்கும். காற்று குறைந்த டயர் தரையில் அகலமாக அழுந்தும், மணலின் மேலே மிதக்கும். ஒட்டகத்தின் பாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலைச் சைக்கிளில் வருகிற இரண்டு அங்குல டயருக்குச் சாலையில் 40 பி.எஸ்.ஐ. வைத்தால் மணலில் 18, 20 போதும். நான்கு அங்குல டயருக்கு 6, 8 கூடச் சரி. நம் சாதாரண சைக்கிளின் ஒல்லி டயரில் பாதிக்குக் கீழே போகாதீர்கள். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். காற்று மிகக் குறைந்தால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூபையும் இழுத்து, வால்வ் கழுத்தோடு அறுந்துவிடும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது.

அளவு மானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. வண்டிமேல் ஏறி உட்காருங்கள், கூட இருப்பவர் பின் டயரைப் பார்க்கட்டும். அடியில் டயர் லேசாகப் பிதுங்கித் தெரிய வேண்டும், ரிம் இறங்கக் கூடாது. கையில் பம்பு இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் அடிக்க வேண்டும்.

4. மணல் கெட்டியாக இருக்கிற நேரத்துக்குப் போங்கள். சிறுபிள்ளை மணல்வீடு கட்டுவதைப் பாருங்கள். காய்ந்த மணலில் சுவர் நிற்காது, தண்ணீரில் முங்கிய மணலிலும் நிற்காது. இரண்டுக்கும் நடுவே, மணிக்கும் மணிக்கும் இடையில் துளி ஈரம் மட்டும் தங்கியிருக்கும்போது அந்த ஈரமே கயிறு மாதிரி மணிகளை இழுத்துப் பிடிக்கும். சைக்கிளுக்கு வேண்டியதும் அந்த ஈரம்தான். தண்ணீர் வற்றத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆன பிறகு அலைக்கு மேலே ஒரு பட்டை கிடைக்கும், இரண்டு மாட்டு வண்டி அகலம். அது பழவேற்காட்டின் ராஜபாட்டை.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வற்றும்போது பட்டை அகலம். ஏறும்போது அதே பட்டை முழுக்கக் காணாமல் போகும். நாள்காட்டியைப் பாருங்கள், அதைவிட, கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும் யாரையாவது "அண்ணே, தண்ணி வத்துதா ஏறுதா?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்லாத மீனவரை நான் பார்த்ததில்லை.

சில இடங்களில் மணல் கறுத்துக் கிடக்கும். கரிமணல் என்று இங்கே ஒரு ஊர்ப்பெயரே உண்டு. எரிமலை மண் என்று நினைத்துவிடாதீர்கள். இலேசான வெள்ளை மணியை அலை அள்ளிக்கொண்டு போக, கனமான தாது மணிகள் பின்தங்கிச் சேருவது அது. மதியத்தில் வெறுங்கால் வைக்க முடியாது, அவ்வளவு சுடும்.

5. காற்றுக்கு எதிராகக் கிளம்புங்கள், காற்றோடு திரும்புங்கள். வெயில் காலத்தில் காலையில் காற்று மந்தம். உச்சிப்பொழுதை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும். அதனால் காலையில் தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டு, களைத்த பிறகு வடக்கே பழவேற்காட்டுக்குத் திரும்பினால் காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு வாடை. கணக்கு அப்படியே தலைகீழ். புயல் சின்னம் என்று அறிவித்தால் கடற்கரைப் பக்கமே வேண்டாம். புயல் போன பிறகும் ஒரு வாரம் பொறுங்கள், நேற்று வழி இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம் அறுத்துவிட்டிருக்கும்.

6. ஓட்டும் முறை. உலர்மணல் வரப்போகிறது என்று பத்துப் பதினைந்து முழம் முன்பே கியரை இறக்கிவிடுங்கள். மணலுக்குள் போய் மாற்றினால் செயின் பல்லில் நறுக்கென்று மாட்டும், வேகம் செத்துவிடும். கியர் இல்லாத வண்டியானால் முன்கூட்டியே வேகம் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். முன் சக்கரம் இலேசாக இருந்தால் அது தானே வழி தேடிக்கொள்ளும். ஹேண்டில்பாரை இறுக்காதீர்கள். சிட்டுக்குருவியைக் கையில் வைத்திருக்கிற மாதிரி பிடியுங்கள். முன் சக்கரம் அப்படியும் இப்படியும் அலையும், அலையட்டும். நேராக்க முறுக்கினீர்களோ, அந்த நொடியே அது குறுக்காகத் திரும்பி மணலில் ஊன்றிவிடும். நீங்கள் அதற்கு மேலே பறப்பீர்கள்.

மிதிப்பது ஒரே சீராக இருக்கட்டும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் தோண்டிக்கொள்ளும். முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள், இருபது முழம் தள்ளிப் பாருங்கள்.

கடற்கரை சாய்வாக இருப்பதால் வண்டி எப்போதும் கடலுக்கு இழுக்கும். தெற்கே போகும்போது இடப்பக்கம், வடக்கே திரும்பும்போது வலப்பக்கம். முதுகு ஒரு பக்கமாக வலித்தால் இதுதான் காரணம்.

7. முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மணலில் முன் பிரேக் என்றால் விழுவது என்று அர்த்தம். நிற்க வேண்டுமானால் மிதிப்பதை நிறுத்தினாலே போதும், மணல் நிறுத்திவிடும். எரிமலைச் சரிவில் அந்த வசதி கிடையாது. நிகராகுவா நாட்டில் செர்ரோ நெக்ரோ என்று கறுப்புப் பொடிக்கல் எரிமலை ஒன்று உண்டு. 2002-இல் எரிக் பரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதன் சரிவில் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் இறங்கினார். கீழே வந்துகொண்டிருக்கும்போதே வண்டி உடைந்தது. எலும்புகள் முறிந்து உயிர் தப்பினார். நான் இதைப் பையன்களுக்குச் சொல்வது வேகத்தின் பெருமைக்காக இல்லை. அவர் அளவுக்குப் பயிற்சியும் கவசமும் உள்ளவருக்கே தளர்ந்த தரை என்ன செய்யும் என்று தெரிய வேண்டும். தலைக்கவசம் போடுங்கள். மணல் மெத்தை என்று நினைக்காதீர்கள். ஈர மணலில் தலை மோதினால் சிமெண்டுத் தரைதான்.

8. ஏரிப் படுகை காய்ந்திருக்கிறது என்று நம்பாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு 27 வயது. சித்திரை மாதம். தேர்வுத் தாள் கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். கரையைச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். தண்ணீர் வற்றிய படுகைக்குக் குறுக்கே போனால் இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டேன். மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, வெடித்து வெடித்து ஓடு போட்ட மாதிரி கிடந்தது. சக்கரம் ஏறினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். முதல் இருநூறு அடி அருமையாக ஓடியது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதிதான் எச்சரிக்கை என்று இப்போது தெரியும். முன் சக்கரம் அச்சு வரை இறங்கியது. காலை ஊன்றினேன், முழங்கால் வரை போனது. பொருக்குக்குக் கீழே மைக்கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத சேற்றில் மக்குகிற பொருள் விடுகிற வாயு அது. ஒரு காலை இழுக்க இழுக்க மற்றது கீழே போனது.

தூரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துவிட்டார். இறால் போடுகிற பறியின் கயிற்றை வாயில் கவ்வியபடியே கூப்பாடு போட்டார்: "வாத்தியாரே, நிக்காதே! சைக்கிள படுக்கப் போடு! அதுமேல படு!" சொன்னபடி செய்தேன். வண்டியைச் சேற்றின் மேல் படுக்க வைத்து, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்து, குதிகாலைத் திருகித் திருகிக் காலை உருவினேன். வெளியே வந்த பிறகு வண்டியை இழுத்தபடியே தவழ்ந்து, வந்த தடத்திலேயே திரும்பினேன். புதிய வழி தேடவில்லை. வந்த தடம் ஒருமுறை என்னைத் தாங்கியது என்பது மட்டும் எனக்குத் தெரியும். தேர்வுத் தாளின் மேல் இரண்டு கட்டு நனைந்துபோய், அந்தப் பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டி வந்தது. அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஆகவே: உமரிச்செடி, வங்காரவள்ளை முளைத்திருக்கிற இடம் தாங்கும், ஒன்றுமே முளைக்காமல் வழவழவென்று வெள்ளையாக இருக்கிற இடம் தாங்காது. ஆட்டுக் குளம்பு, மாட்டுக் குளம்பு தெரிந்தால் அதன் ஆழத்தைப் பாருங்கள். பொருக்கு நொறுங்கும் சத்தம் நின்றால் பிரேக் பிடிக்காமல் உடனே இறங்கித் திரும்புங்கள். ஏரிப் படுகைக்குத் தனியாக ஒருபோதும் போகாதீர்கள்.

9. இந்தத் தரை வேலை நடக்கிற தரை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இங்கே ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தலைமுறை தலைமுறையாக வருகிற ஒழுங்கு. ஒருவருடைய முறை வருகிற அன்று அவர் வலை கெட்டால், அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். உங்கள் சக்கரம் ஏறிய வலைக்கு அந்த விலையும் உண்டு.

கரையில் காய்கிற வலையைக் கண்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு சுற்றிப் போங்கள். கியர் வண்டியில் பின்பக்கம் தொங்குகிற அந்தச் சின்னப் பல்சக்கரக் கொக்கி இருக்கிறதே, அதில் நைலான் நூல் ஒன்று மாட்டினால் போதும், நீங்கள் நிற்பதற்குள் பத்து முழம் வலை கிழிந்துவிடும். தரையோடு தரையாக ஓடுகிற நங்கூரக் கயிறும் அப்படியே, மணல் மூடியிருக்கும். படகு நிற்கிற இடத்துக்கும் கடலுக்கும் நடுவே போகாமல் படகுக்குப் பின்னால் போனால் கயிறு பிரச்சினையே வராது.

தார்ப்பாயில் நெத்திலி, காரப்பொடி காயப் போட்டிருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கருவாட்டுக்குக் காற்று போகும் பக்கமாக ஒதுங்கிப் போங்கள். எதிர்ப்பக்கம் போனால் நீங்கள் கிளப்பும் மணல் முழுக்கக் கருவாட்டில் விழும். மணல் கடிபடுகிற கருவாட்டை வியாபாரி தொடமாட்டார். கூடையைத் தலையில் வைத்து வரும் பெண்களுக்குக் கெட்டி மணலை விட்டுக்கொடுத்து நீங்கள் உலர்மணலில் இறங்குங்கள். தலையில் பாரத்தோடு வருகிறவருக்கு அந்த ஈரப் பட்டை உங்களைவிட அதிகம் தேவை.

ஏலம் நடக்கிற நேரத்தில் இறங்குதுறைப் பக்கம் வண்டியை உருட்டிக்கொண்டுகூடப் போகாதீர்கள்.

10. டிசம்பர் கடைசியிலிருந்து பங்குனி முடிய, இருட்டிய பிறகு கடற்கரையில் சைக்கிள் வேண்டாம். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிற காலம். விளக்கு வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை இருக்கிற குழி அலை தொடாத உலர்மணலில் இருக்கும். மேலே அடையாளம் ஒன்றும் தெரியாது. குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். ஒரு விடியற்காலையில் உலர்மணலில் யாரோ வண்டி ஓட்டிய தடத்துக்குள் ஒரு குஞ்சு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளங்கையில் பாதி கூட இல்லை. அதற்கு அந்தத் தடம் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய தெரு. கடல் பத்தடி தூரத்தில் இருக்க, கரைக்கு இணையாகவே ஓடிக்கொண்டிருந்தது, மேலே காகம். ஈரப் பட்டையில் விழுகிற தடத்தை அடுத்த அலை அழித்துவிடும். உலர்மணல் தடம் நாள் கணக்கில் நிற்கும். உலர்மணலைக் கடக்க வேண்டுமானால் நேர்க்குறுக்காகக் கடங்கள், நீளவாக்கில் ஓட்டாதீர்கள்.

ஏரிப் பக்கம் பூநாரை. தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். வனத்துறையைக் கேட்காமல் உள்ளே வழி தேடக் கூடாது. கரையில் இருந்து பார்க்கும்போதும் ஒரு அளவு உண்டு. பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் போட்டு மேயும். எல்லாத் தலையும் மேய்ந்துகொண்டிருந்தால் நீங்கள் நிற்கிற தூரம் சரி. தலைகள் நிமிர்ந்தால் நில்லுங்கள். நடக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். படம் எடுப்பதற்காகக் கிளப்பிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடுகிற உயிர் அது.

11. முகத்துவாரத்தைச் சைக்கிளோடு கடக்காதீர்கள். சில மாதங்களில் மணல் அடைத்து, முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் ஏரித் தண்ணீர் அந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். தோளில் வண்டியோடு நிற்கிறவனின் காலடி மணலை அது உருவிவிடும்.

படகில் ஏறினால் எத்தனை பேர், எத்தனை வண்டி என்று எண்ணுங்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இங்கே இறந்தார்கள். ஏரிதானே, ஆழம் இல்லையே என்கிற பேச்சை அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. "ஒருத்தர் கூட ஏறினா என்ன" என்று கேட்கிற ஆளாக நீங்கள் இருக்காதீர்கள்.

12. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. விண்வெளி மையத்தின் எல்லை. அந்தப் பக்கம் போகவே கூடாது. ராக்கெட் ஏவுகிற நாளில் கரையிலேயே நின்று பாருங்கள். நெருப்பு முதலில் தெரியும், அது மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வரும். என் மாணவர்களுக்கு ஒலியின் வேகத்தை இப்படித்தான் நடத்தினேன். விநாடியை எண்ணச் சொல்லி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர்.

13. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பார்த்துவிட்டுப் போங்கள். கல்லறையில் வண்டியைச் சாய்க்காதீர்கள்.

14. தண்ணீர், ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் கேட்டால் குப்பத்தில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், ஆனால் பல வீட்டில் நல்ல தண்ணீர் குடத்தில் வாங்கி வைத்தது. அதைக் குடிப்பதற்கு முன்னால் யோசியுங்கள். நுங்கு விற்றால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

15. சீமைக்கருவேல் முள் ஒன்று டயரில் ஏறினால் ட்யூபை மட்டும் ஒட்டிவிட்டு மாட்டாதீர்கள். முள் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும்; அடுத்த அரை கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உட்பக்கத்தைப் பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தடவாதீர்கள். ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு போய் மங்குகிற வரை பொறுத்துத்தான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் உரிந்துவரும். மணல் கை என்றால் ஒட்டவே ஒட்டாது. முதலில் கையைக் கழுவுங்கள். கொஞ்சம் குடிதண்ணீர் போனாலும் பரவாயில்லை.

16. இறங்கித் தள்ளுவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். 34 வருடத்தில் நான் ஓட்டிய தூரமும் தள்ளிய தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். தள்ளும்போது வண்டியைக் கடல் பக்கம் விட்டு நீங்கள் மேட்டுப் பக்கம் நடந்தால் அது உங்கள் கால்மேல் சாயாது. வெகுதூரம் தள்ள வேண்டுமானால் வலக்கை சீட்டில், இடக்கை ஹேண்டில்பாரில். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தால் முதுகு போய்விடும்.

17. வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்னால், சாப்பிடுவதற்கு முன்னால், வண்டியைக் கழுவுங்கள். உப்பு இரவெல்லாம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் செயின் செம்பழுப்பு. நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். குழாயால் பீய்ச்சி அடித்தால் மணல் அச்சுக்குள் போய் பால்ஸ் இருக்கிற கிண்ணத்தில் உட்கார்ந்துவிடும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் செயினைத் தேய்த்து, துணியால் ஒத்தி எடுத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். அதிகம் விட்டால் மறுநாள் மணல் முழுக்க அதில்தான் ஒட்டும். மாதம் ஒருமுறை சீட்டுக் கம்பியை உருவிக் கிரீஸ் தடவுங்கள். செய்யாதவர்கள் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அதை உருவ வெல்டிங் கடைக்குப் போகிறார்கள். ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் துணியால் இரு விரலில் பிடித்து வழித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கடைசியாக வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். ப்ரீவீல் டிக் டிக் டிக் என்று ஒரே இடைவெளியில் பேசினால் நாளைக்கும் போகலாம். கரகரவென்று நடுவில் ஒரு சத்தம் கேட்டால் உள்ளே மணல் இருக்கிறது. கழற்றிக் கழுவாமல் எடுக்காதீர்கள்.